ரிலேயா, வயர்கார்டா?

கிளிநொச்சி வீட்டு நாஸிலிருந்து (வீட்டு வலையில் இணைத்த கோப்புச் சேமிப்புப் பெட்டி) தம்பியின் கலியாணப் படங்களை வவுனியாவில் இருந்துகொண்டு இறக்கப் போனால், பச்சைக் கோடு நகரவே இல்லை. முதலில் வீட்டு இணையத்தின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள்: 10 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு 1.25 மெகாபைட்தான் உச்சம், எந்த வழியும் அதைத் தாண்டாது.

வெளியிலிருந்து நாஸை எட்ட இரண்டு வழி: இடைச் சேர்வர் வழியாகப் போகும் ரிலே, வீட்டுக்குத் தனி விபிஎன் பாதை போடும் வயர்கார்ட். ரிலே சுகம், ரவுட்டரில் கை வைக்கத் தேவையில்லை, ஆனால் எல்லாமே வேறொரு சேர்வரைச் சுற்றி வருவதால் பெரிய கோப்புகளுக்குச் சரிவராது. வயர்கார்ட் நேரே வீட்டுக்குப் போகும், எனக்கு இதுதான் பிடித்தது. அதற்கு வழக்கமான 51820 யுடிபி போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) ரவுட்டரில் திறந்துவிட வேண்டும். அப்புறம், எஸ்எம்பியில் (நாஸைக் கணினியில் ஒரு ஃபோல்டர் போலத் திறக்கும் முறை) ஆயிரம் சின்னப் படங்களைத் தனித்தனியாக இழுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அது பலமுறை போய்வரும். ஒரே ஜிப்பாகக் கட்டி இழுங்கள்.

4ஜி ரவுட்டரா? அதற்குக் கிடைத்த வெளி ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் வெளியிலிருந்து நேரே நுழைய முடியாது, அப்போது ரிலேதான்.