பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு: பத்தாண்டுகளுக்கு மேல் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1960களின் நடுவில் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் தொழிற்சாலையில் தயாரான இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். வாங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. துணி போர்த்தி நிறுத்திவைக்கும் வண்டியல்ல. காய்கறி வாங்கவும், தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகவும் இதைத்தான் எடுக்கிறேன். பழைய கார் வாங்க ஆசைப்பட்டு, அம்பாசடரா ஃபியட்டா என்று யோசிப்பவர்கள் இந்த மூன்றாவது காரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரை நூற்றாண்டு கடந்த காரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள இதைவிடத் தோதான அமைப்பு அந்தக் காலத்து இந்தியக் கார்களில் வேறில்லை. பானெட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை; மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்கிறது. டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக், டைனமோ, கார்புரேட்டர் எல்லாவற்றையும் கையால் தொடலாம். இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த தாய் நிறுவனமான ஸ்டாண்டர்ட்-ட்ரையம்புக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லுட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் இல்லாமல் போகவே, தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) போட்டு அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் முடுக்கும் முறைக்குத் திரும்பினார்கள். இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். அன்றைய இக்கட்டு இன்று நமக்கு வரம். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி டிங்கரிடம் கொடுத்து, திரும்ப முடுக்கிக்கொள்ளலாம்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். 948 சிசி என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் நிம்மதியாகப் போகும். அதற்கு மேல் விரட்டினால் சத்தம்தான் கூடும். ஓடும்போதே கியர் இணைய உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். திரும்புவட்டமோ சுமார் 7.6 மீட்டர்தான். திருவல்லிக்கேணித் தெருக்களில் இன்றைய சிறிய கார்கள் முன்னும் பின்னும் போய்த் திணறும் இடத்தில் இது ஒரே வளைப்பில் திரும்பிவிடும். பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில் தனித்தனியாக ஆடுபவை. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் மழை நாளில் ஏறும்போது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடியும்வரை மிதியை ஒரே நிலையில் வைத்திருப்பேன். பின்னால் குறுக்காகக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பட்டையை உடனே கழற்றிச் சரிசெய்ய வேண்டும்.

பராமரிப்பில் நான் தலையாயதாகக் கருதுவது முன்சக்கரத்தின் ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. இதற்கு இபி90 கியர் ஆயில் ஊற்ற வேண்டும். பல பட்டறைகளில் மற்ற இடங்களுக்கு அடிப்பதுபோல இதற்கும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் இறுகி மரையின் அடிவரை போகாது, உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு துருவேறி ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் பக்கவாட்டில் படுத்துவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர். “தம்பி, எண்ணெய் கசிந்து தரையில் சொட்டினால் கவலைப்படாதே, சொட்டாமல் இருந்தால்தான் கவலைப்படு” என்பார். கழற்றிப் பார்ப்பவர்கள் கவனிக்க: இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை, மாற்றிப் பூட்ட முடியாது.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. இந்த என்ஜினின் வால்வு இருக்கைகளோ ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கியபோது எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடின உலோக இருக்கைகளை லேத்தில் பொருத்திக்கொண்டேன். அதன்பின் வால்வு இடைவெளி நிலையாக நிற்கிறது. இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதைத் தவிர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இன்னும் கைகொடுக்கின்றன. இதே நிறுவனத்திலிருந்து பின்னாளில் வந்த கெஸல் காருக்கும் இதே 948 சிசி என்ஜின் என்பதால் என்ஜின் சாமான்கள் அகப்படும். சஸ்பென்ஷன் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அங்கிருந்து சாமான் வரவழைக்கும்போது பலர் கூடவே ‘ட்ரையம்ப்’ எழுத்துகளையும் வரவழைத்து முகப்பில் ஒட்டிவிடுகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமானது ட்ரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரானது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அந்தப் பெயரில் ஹெரால்டு விற்பனையானது இந்தியாவில்தான். பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே 1963இல் மறைந்துவிட்டது. பெருங்களத்தூரில் அது 1980களின் பிற்பகுதிவரை உயிரோடு இருந்தது. பிரிட்டனில் ஹெரால்டின் என்ஜின் 1147, 1296 சிசி என்று வளர்ந்தது. இங்கே 948 சிசியையே வைத்துக்கொண்டு, உள்நாட்டுப் பாகங்களைப் படிப்படியாகக் கூட்டி, அங்கே இல்லாத நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கினார்கள். ஸ்விங் ஆக்சில் நம் ஊருக்கு ஒத்துவரவில்லை என்று கெஸலில் அதையும் மாற்றினார்கள். இவ்வளவும் செய்த ஊரின் பெயரைத் துடைத்துவிட்டு வேறொரு நாட்டுக் காராக மாற்றுவதைப் புதுப்பித்தல் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே வண்ணம் அடிப்பதற்கு முன் வண்டியின் வரலாற்றைத் தேடுங்கள். முதலில் ஆர்சி புத்தகம். பழைய பக்கங்களில் கைமாறிய தேதிகளும் ஆர்டிஓ முத்திரைகளும் இருக்கும். அடுத்தது வண்டியின் உடம்பு. கதவின் உள் அட்டையைக் கழற்றிவிட்டு, வெளியே தெரியாத ஓரிடத்தில் மெல்லிய எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்தேன். மேலே வெள்ளை, அதன் கீழே மெரூன், பள்ளம் நிரப்பும் ஒரு சாம்பல் நிறப் பட்டிப் பூச்சு, பிறகு வெளிர் பச்சை, கடைசியில் செம்மண் நிற பிரைமர் என்று வளையம் வளையமாகத் தெரிந்தது. பிரைமரை ஒட்டியிருந்த அந்த வெளிர் பச்சைதான் தொழிற்சாலை அடித்த வண்ணம். இன்று என் வண்டி அதே பச்சையில் ஓடுகிறது. அந்தக் கால விளம்பரங்களைப் பார்க்க விரும்புபவர்கள் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்த் தொகுப்புகளைப் புரட்டலாம்.

ஆவண விஷயம். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் வின்டேஜ் பதிவு விதிகள் வந்தன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. என்னைப்போல் ஓட்டுபவர்கள் வழக்கமான முறையில் ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்வதே சரி. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய பதிவு எண்ணும் கையைவிட்டுப் போகாது.

வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். பானெட்டுக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். என்ஜின் புகைத்தால் பயப்பட வேண்டாம், அதைச் சரிசெய்யும் கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன.