நோட்டுப் புத்தகமா, கண் மூடிக் கவனிப்பதா: தீராத இடுப்பு வலிக்கு இரண்டு குழுக்கள்

தண்டையார்பேட்டையில் அடிபம்பு அடித்து, குடத்தோடு இரண்டு மாடி ஏறிய இடுப்பு என்னுடையது. மூன்று மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்கிறார்கள்; எனக்கு ஆறு வருடம். தைலம், பெல்ட், பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று. குழு உளவியல் சிகிச்சைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில், "அப்போ வலி மனசுலதானா?" என்றார்கள்.

இல்லை, வலி நிஜம். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோல, மூளைக்குப் போகும் வலிச் சேதி கூடும், குறையும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பயமும் கவலையும் அந்த வாசலை அகலமாகத் திறந்துவிடும்.

சரி, எந்தக் குழு? ஒன்று சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிப் பார்க்கும் பேச்சு சிகிச்சை. 'குனிந்தால் டிஸ்க் விலகிவிடும்' போன்ற பயங்களை எழுதி, நிஜமா என்று சோதிப்பது. கூடவே வேலையைப் பிரித்துச் செய்யும் பழக்கம். நான் போன குழுவில், காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர், "வலி இல்லாத அன்னிக்கு மொத்தத் துணியும் துவைச்சிடுவேன், அப்புறம் மூணு நாள் படுக்கை" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அத்தனை பேரும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். தனி கவுன்சலிங்கில் இந்தச் சிரிப்பு கிடைக்காது. ஆனால் வெளியே சொல்ல முடியாத வீட்டுப் பிரச்சினை இருந்தால் தனியாகப் பேசுவதே மேல்.

இன்னொன்று மைண்ட்ஃபுல்னெஸ். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. படுத்தபடி கால் விரலிலிருந்து தலைவரை கவனத்தை நகர்த்துவார்கள், வலியை விரட்டாமல் பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டும். ஒற்றை அறை வீட்டில், டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவில் எங்கே படுப்பது? மொபைலில் ஆடியோ போட்டு முயன்றேன். தூங்கிப்போனேன். அதுவும் லாபம்தான்!

2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 342 முதுகு வலிக்காரர்களிடம் இரண்டையும் எட்டு வாரக் குழு வகுப்பாகவே ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து அன்றாட வேலைகளில் தேறியவர்கள் மைண்ட்ஃபுல்னெஸில் 60.5 சதவீதம், சிபிடியில் 57.7. வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்களில் 44.1. குழு வகுப்புகள் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசமில்லை. எனக்குச் சிபிடிதான், நோட்டு வைக்க ஓர் அலமாரி போதுமே.

கால் திடீரென மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ குழு அப்புறம், முதலில் மருத்துவமனை.

சேருமுன் இடத்தைப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் குலுங்கிப் போனால், கற்றதெல்லாம் திரும்பும்போது கொட்டிவிடும். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. நாற்காலி உண்டா, நடுவில் எழுந்து நிற்க விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.