குதிரையின் முதுகு இறுகினால் முதலில் யாரை அழைப்பது? கைரோபிராக்டிக்கும் மற்ற வழிகளும்

சேணத்தைக் கையில் எடுத்ததுமே ஒரு குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொள்கிறது. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறது. சென்ற மாதம் வரை வலப்பக்கம் தயங்காமல் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் ஓட்டத்தை எடுத்த அதே குதிரை, இப்போது இரண்டு மூன்று முறை கேட்ட பிறகே எடுக்கிறது. எடுத்த சில அடிகளிலேயே முன்கால்கள் ஒரு வரிசையிலும் பின்கால்கள் வேறு வரிசையிலும் ஓடத் தொடங்குகின்றன. இதைப் பிடிவாதம் என்று எண்ணிச் சவுக்கை எடுப்பவர்கள் உண்டு. குணம் திடீரென மாறிய குதிரையிடம் முதலில் வலியைத்தான் தேட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தேடுவது யார்? கால்நடை மருத்துவர், இறுகிய மூட்டுகளைக் கையால் தள்ளித் தளர்த்தும் கைரோபிராக்டிக் செய்பவர், சேணம் பொருத்துபவர், மசாஜும் பிசியோதெரபியும் செய்பவர், இவர்கள் எவரையும் அழைக்காமல் வலி மாத்திரையும் ஓய்வும் கொடுத்துப் பார்ப்பது என்று ஐந்து வழிகள் நம் முன் இருக்கின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்துப் பேசுவதே வழக்கம். உண்மையில் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை தருகிறது. நம் குதிரை எந்தக் கேள்வியோடு நிற்கிறது என்பதை அறிவதுதான் நம் வேலை.

கைரோபிராக்டிக் விடை தரும் கேள்வி மிகக் குறுகலானது: இந்த மூட்டு அசைய வேண்டிய அளவுக்கு அசைகிறதா? இந்த முறை 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி. டி. பால்மர் என்பவரால் மனிதர்களுக்காகத் தொடங்கப்பட்டது. கால்நடை மருத்துவமும் கைரோபிராக்டிக்கும் இரண்டும் படித்த ஷாரன் வில்லோபி 1989இல் அமெரிக்கக் கால்நடைக் கைரோபிராக்டிக் சங்கத்தைத் தொடங்கிய பிறகே விலங்குகளுக்கான முறையான பயிற்சியாக அது உருப்பெற்றது. குதிரையின் முதுகெலும்பில் கழுத்தில் 7, விலாப்பகுதியில் 18, இடுப்பில் பொதுவாக 6 என முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் 5 எலும்புகள் ஒன்றாக இணைந்து இடுப்புக்கூட்டோடு சேர்கின்றன, அதன் பின் வால். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள அசைவு மிகச் சிறியது, ஆனால் அந்தச் சிறு அசைவுகள் எல்லாம் கூடித்தான் குதிரை முதுகை உயர்த்தவும் வளைக்கவும் முடிகிறது. ஒரு மூட்டு இறுகிவிட்டால் பக்கத்து மூட்டுகள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. கைரோபிராக்டிக் செய்பவர் அந்த இறுகிய மூட்டைக் கையால் தேடிக் கண்டறிந்து, மிக வேகமாக, மிகக் குறைந்த ஆழத்தில் ஒரு தள்ளு தள்ளுகிறார். அவர் ஒரு முக்காலியிலோ வைக்கோல் கட்டின் மீதோ ஏறி நிற்பது பலம் கூட்டுவதற்காக அல்ல. மூட்டின் பரப்பு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வில் கை இறங்க வேண்டும் என்பதற்காகவே.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். “எலும்பு இடம் மாறிவிட்டது, உள்ளே தள்ளிவிட்டேன்” என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கின் முள்ளெலும்பு, தடித்த தசைகளுக்கும் தசைநார்களுக்கும் அடியில் இருக்கிறது. அது உண்மையிலேயே இடம் மாறியிருந்தால் அந்தக் குதிரை நம் முன் நின்றுகொண்டிருக்காது. அதே சமயம், “மனிதக் கையால் குதிரையின் முதுகெலும்பை அசைக்கவே முடியாது” என்பதும் சரியல்ல. கெவின் ஹாஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முள்ளெலும்புகளில் நேரடியாக ஊசிகளைப் பொருத்தி அளந்தபோது, கையால் கொடுத்த தள்ளு எலும்புகளில் அளக்கத்தக்க அசைவை உண்டாக்கியது. ஆக, இந்த முறை மீட்டுத் தருவது அசைவைத்தான், இடத்தை அல்ல.

அப்படியானால் கைரோபிராக்டிக் தேவைப்படும் குதிரையை எப்படி அறிவது? என் அனுபவத்தில் முதன்மையான அடையாளம் வலி அல்ல, இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக இருக்கும்படி நிறுத்தி, ஒரு கேரட் துண்டைக் காட்டி அதன் மூக்கை மெதுவாக விலாவை நோக்கி, பிறகு இடுப்பை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். இடப்பக்கம் கழுத்து வில்லைப்போல் வளைந்து மூக்கு எளிதாகச் சென்றடைகிறது. வலப்பக்கம் பாதித் தொலைவிலேயே தலையைச் சாய்த்துக் கோணலாக எட்டப் பார்க்கிறது, அல்லது காலை நகர்த்தி உடம்பையே திருப்பிவிடுகிறது என்றால், கழுத்திலோ முன் விலாப்பகுதியிலோ அசைவு தடைப்பட்டிருக்கலாம். அடுத்து, விரல் நுனிகளால் வயிற்றின் நடுக்கோட்டில், நெஞ்சுக்குச் சற்றுப் பின்னால், மெல்ல மேல்நோக்கி அழுத்த வேண்டும். நலமான முதுகு ஒரு பெருமூச்சு விடுவதுபோல் மேலே எழும். இறுகிய முதுகு எழாது. சில குதிரைகளில் சேணம் உட்காரும் இடம் மட்டும் பலகைபோல் அப்படியே நிற்க, மற்ற பகுதி எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாலை எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்த்துப் பிடிப்பது, நேராகப் பின்னோக்கி நடக்கச் சொன்னால் ஒரே பக்கம் விலகுவது, பின்னாலிருந்து பார்க்கும்போது பிட்டத்தின் ஒரு பக்கத் தசை மெலிந்திருப்பது ஆகியவையும் இதே திசையைக் காட்டுபவை.

இவை அனைத்தும் இருந்தும் முதல் அழைப்பு கைரோபிராக்டிக்குக்குப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணம், முதுகு பல சமயம் குற்றவாளி அல்ல, சாட்சிதான். பின்காலின் ஹாக் மூட்டிலோ (நம் கணுக்காலுக்கு இணையானது) முழங்காலிலோ வலி உள்ள குதிரை அந்தக் காலைக் காக்க முதுகை இறுக்கிக்கொள்கிறது. முதுகை எத்தனை முறை தளர்த்தினாலும் காலில் வலி இருக்கும்வரை அது மீண்டும் இறுகும். கால்நடை மருத்துவர் கெட்டித் தரையில் குதிரையை நேராக ட்ராட் என்னும் மெல்லோட்டத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்: முன்காலில் நொண்டல் இருந்தால் வலியுள்ள கால் தரையில் படும்போது தலை உயரும், நலமான கால் படும்போது தாழும். மூட்டை மடக்கி வைத்திருந்து விட்டு ஓடவிடுவது, நரம்பை மரத்துப்போகச் செய்து நொண்டல் மறைகிறதா என்று பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது ஆகியவை அவருக்கே உரிய கருவிகள். கைரோபிராக்டிக் செய்பவரின் கைக்கு இவை எட்டா. சேணத்துக்கு அடியில் முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் நோயையும் இவ்வழியில்தான் கண்டறிய முடியும். அதிலும் எக்ஸ்ரே மட்டும் போதாது, ஏனெனில் உரசல் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகள் நிறைய உண்டு. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காட்டும் கோபம் இரைப்பைப் புண்ணாலும் வரலாம். அதை அகநோக்கிக் குழாய் விட்டுப் பார்ப்பதும் மருத்துவர்தான்.

சவாரியின்போது வலியைக் கணிக்க உரிமையாளருக்கும் ஒரு நல்ல கருவி உண்டு. சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் தன் குழுவோடு உருவாக்கிய பட்டியலில் 24 நடத்தைகள் இருக்கின்றன: காதுகளை நீண்ட நேரம் பின்னால் வைத்திருப்பது, வாயைத் திறப்பது, வாலைத் திரும்பத் திரும்ப வீசுவது, பின்குளம்பு தரையில் இழுபடுவது போன்றவை. அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் தசை, எலும்பு சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணிக்கை எட்டியிருந்தால் நான் வேறு எவரையும் யோசிக்காமல் மருத்துவரைத்தான் அழைப்பேன்.

சில நிலைகளில் கைரோபிராக்டிக்கைத் தொடவே கூடாது. குறுகிய வட்டத்தில் நடக்கும்போது வெளிப்பக்கப் பின்கால் அளவுக்கு மீறி அகலமாக வீசிச் சுழன்றாலோ, நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் எதிர்ப்பின்றித் தள்ளாடி வந்தாலோ, அது கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் கழுத்தில் வேகமான தள்ளு ஆபத்து. விழுந்து அடிபட்ட குதிரையில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகும்வரையும் அப்படியே. வேலைக்குப் பிறகு பின்புறத் தசைகள் கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அது தசைச் சிதைவு. குதிரையை நடத்தக்கூட வேண்டாம், நின்ற இடத்திலேயே வைத்து மருத்துவருக்காகக் காத்திருங்கள்.

மருத்துவரின் சோதனையில் கால்கள் நலம், நரம்புகள் நலம், இரைப்பை நலம் என்று தெரிந்த பிறகும் கைரோபிராக்டிக்குக்கு முன்னால் நான் வைப்பது சேணத்தை. நான் பராமரித்த ஒரு பெண் குதிரைக்கு இரண்டு முறை கைரோபிராக்டிக் செய்தோம். ஒவ்வொரு முறையும் பத்து நாள் அழகாக ஓடும். பிறகு பழையபடி இடப்பக்கம் முதுகு தாழ்ந்துபோகும். மூன்றாம் முறை அழைத்தபோது அந்தக் கைரோபிராக்டிக் நிபுணர் குதிரையைத் தொடுவதற்கு முன், “ஒரு அரை மணி நேரம் சவாரி செய்துவிட்டு வாருங்கள், சேணத்தைக் கழற்றும்போது நான் பார்க்க வேண்டும்” என்றார். கழற்றியபோது முதுகு முழுவதும் வியர்வையில் கறுத்திருக்க, தோள்முகட்டுக்குச் சற்றுப் பின்னால் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் உலர்ந்திருந்தது. சேணத்தின் இடப்பக்க மெத்தையைத் தடவிப் பார்த்தால் உள்ளே அடைத்த கம்பளி கட்டிதட்டி, ஒரு கூழாங்கல்லைத் துணியில் சுற்றி வைத்ததுபோல் இருந்தது. அன்று அவர் குதிரையைத் தொடவில்லை. மெத்தையைப் பிரித்துப் புதிதாக அடைத்து மூன்று வாரம் கழித்துச் செய்த ஒரே ஒரு சிகிச்சை நிலைத்தது. என்னிடம் இன்னொரு முறைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

சேணத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு மெத்தைகளுக்கும் இடையே முதுகெலும்பு எங்கும் அழுந்தாத அகலமான வழி இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்முகட்டுக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். பின்விளிம்பு கடைசி விலாவைத் தாண்டக் கூடாது, ஏனெனில் அதற்குப் பின்னால் உள்ள இடுப்பு முள்ளெலும்புகளுக்கு விலாவின் தாங்கல் இல்லை. குளம்பும் பல்லும் இதே வரிசையில் சேர்பவை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீர்செய்யாத குளம்பில் முன்பகுதி நீண்டு குதி தாழும், நடை மாறும், முதுகு அதை ஈடுகட்டும். கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிக்கும் பக்கம் குதிரை கடிவாளத்தை ஏற்காது. அது கழுத்து இறுக்கம் போலவே தோன்றும்.

மசாஜும் பிசியோதெரபியும்தான் கைரோபிராக்டிக்குக்கு நேரான போட்டி. மசாஜ் தசையோடு பேசுகிறது, கைரோபிராக்டிக் மூட்டோடு. 2008இல் ஹாஸ்லர் பங்கேற்ற ஓர் ஆய்வில், முதுகு வலி அறிகுறி இல்லாத குதிரைகளின் முதுகில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் அவை வலியைக் காட்டுகின்றன என்று அளந்தார்கள். ஏழு நாள் கழித்து அந்தத் தாங்கும் அளவு கைரோபிராக்டிக் பெற்றவற்றில் 27 சதவீதமும், மசாஜ் பெற்றவற்றில் 12 சதவீதமும், பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து பெற்றவற்றில் 8 சதவீதமும் உயர்ந்திருந்தது. கைரோபிராக்டிக்கின் பக்கம் சாயும் எண்கள்தான். எனினும் அவை நலமான குதிரைகள் என்பதையும், ஒரு வாரக் கணக்கு என்பதையும் மறந்து இந்த எண்களை நோயுள்ள குதிரைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நெடுநாள் பயனில் பிசியோதெரபி முந்துகிறது. முன்பு சொன்ன கேரட் சோதனையைப் போலக் கழுத்தை வளைக்கும் பயிற்சிகளை வாரத்தில் ஐந்து நாள் என மூன்று மாதம் செய்த குதிரைகளில், முள்ளெலும்புகளை ஒட்டி ஓடும் ஆழமான தசை பருத்ததை அல்ட்ராசவுண்ட் காட்டியது. கைரோபிராக்டிக் திறந்துவிடும் அசைவைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். எனவே இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் கிடைத்தால் சிகிச்சையை முதலிலும் பயிற்சியை அதன் பின்னும் வைப்பேன்.

வலி மாத்திரையும் ஓய்வும் மட்டும் என்ற வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாத்திரை வலியை மறைக்கிறது, நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. லாயத்தில் அசையாமல் நிறுத்தப்பட்ட குதிரையின் முதுகுத் தசை மெலிகிறது. மருத்துவர் சொன்ன குறிப்பிட்ட காலத்துக்கு, திறந்த வெளியில் நடமாடவிட்டு, என்ற அளவில் மட்டுமே இது நல்லது.

கைரோபிராக்டிக் செய்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் கால்நடை மருத்துவப் பட்டமோ மருத்துவரின் பரிந்துரையோ இல்லாமல் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்காமல் நேராகக் கை வைப்பவர் வேண்டாம். குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்தோ, காலைக் கயிற்றால் இழுத்தோ, சுத்தியல் கொண்டோ செய்பவர் வேண்டவே வேண்டாம். சிகிச்சைக்கு முந்தைய நாள் கேரட் எந்த விலா வரை சென்றது என்பதை இரு பக்கத்துக்கும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிகிச்சைக்கு மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் கயிற்றில் பிடித்து நடை. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதே இடத்தில், அதே தரையில், கேரட்டோடு நின்று மீண்டும் அளந்து பாருங்கள். மூன்றாம் நாள் எட்டிய விலாவைப் பத்தாம் நாள் எட்டவில்லை என்றால், அந்தக் கைரோபிராக்டிக் நிபுணரை மீண்டும் அழைக்காதீர்கள். சேணத்தைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பிறகு மருத்துவரை அழைத்துக் குதிரையை மீண்டும் கெட்டித் தரையில் ட்ராட் செய்யவிடச் சொல்லுங்கள்.