சிஆர்டிசி-க்கு நேயர்கள் கருத்து எழுதும் முறை: ஒரு மதிப்பீடு

கனடாவில் ஒரு பல்லின வானொலி தன்னுடைய அலைவரிசையையோ வோட்ஸையோ (ஒலிபரப்பும் சக்தியையோ) மாற்றப்போகிறது என்றால் அதற்கு சிஆர்டிசி-யிடம், அதாவது வானொலிகளுக்கு உரிமம் கொடுக்கும் கனடிய ஆணையத்திடம், விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைப் பற்றி நீங்களும் நானும் கருத்து எழுதலாம். இந்தச் சேவையைப் பற்றி யாராவது தமிழில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வானொலி இரைகிறது என்றால் நிலையத்துக்கு போன் எடுத்து ஏசுவோம், அதோடு சரி.

நடைமுறை இதுதான். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில் போடப்படும், அன்றிலிருந்து 30 நாளுக்குள் யாரும் எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பதாரர் பதில் சொல்ல 10 நாள். பொறியாளர் அறிக்கை, கடிதங்கள், வரைபடம் எல்லாவற்றையும் தரவிறக்கிப் படிக்கலாம், இவ்வளவு திறந்து வைத்திருப்பது உண்மையிலேயே பெரிய விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது, நிலையம் எதுவரை கேட்கும் என்று காட்டும் அந்த வரைபடம்தான். பண்பலை (எஃப்எம்) நிலையம் என்றால் இரண்டு கோடுகள் இருக்கும், அலையின் வலு அந்த இடத்தில் எவ்வளவு என்பதைச் சொல்பவை: உள்ளே மீட்டருக்கு 3 மில்லிவோல்ட், வெளியே 0.5 மில்லிவோல்ட். உள்கோட்டுக்குள் இருப்பதுதான் நிலையத்தின் முதன்மைப் பகுதி, வெளிக்கோட்டுப் பக்கம் போகப்போக நல்ல கார் ரேடியோவில் கேட்கும், வீட்டு பேஸ்மென்டில் கஷ்டம். இந்தக் கோடுகள் பெரும்பாலும் ஒழுங்கான வட்டமாக இருப்பதில்லை. பக்கத்து ஊரில் அதே அலைவரிசையில் இருக்கும் நிலையத்தைக் காப்பாற்ற அந்தத் திசையில் சக்தியைக் குறைத்திருப்பார்கள், அந்த இடத்தில் கோடு உள்ளே வளைந்து பள்ளம் மாதிரி விழுந்திருக்கும். உங்கள் தெரு அந்தப் பள்ளத்துக்குள் இருந்தால் ரேடியோவை மாற்றி எந்தப் பயனும் இல்லை, காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது.

வோட்ஸைக் கூட்டினால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். சக்தியை நாலு மடங்கு ஆக்கினால்தான் ஒரே இடத்தில் கிடைக்கும் அலையின் வலு இரண்டு மடங்காகும். பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, அதனால் அன்டெனாவின் உயரம் வோட்ஸுக்குக் குறையாத முக்கியம், ரொறன்ரோவில் பல நிலையங்கள் சிஎன் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். நினைத்தபடி கூட்டவும் முடியாது. எல்லையிலிருந்து 320 கிலோமீட்டருக்குள் இருந்தால் அமெரிக்காவோடு பேசி ஒப்புதல் வாங்க வேண்டும், ரொறன்ரோவிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்க நகரமான பஃபலோ இருக்கிறது. கோடைக்காலக் காலைகளில் ஒன்ராறியோ ஏரிக்கு மேல் வெப்பக் காற்று படிந்திருக்கும்போது அங்கத்தைய நிலையங்கள் எங்கள் ஒலிக்கு மேலே வந்து விழுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பண்பலை முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமானங்களின் வழிகாட்டி அலைகள் வேறு. அதனால் தொழில்நுட்பச் சான்றிதழ் தருவது சிஆர்டிசி இல்லை, புத்தாக்க, அறிவியல், பொருளாதார மேம்பாட்டு அமைச்சு. இரண்டு இடமும் சரி என்றால்தான் மாற்றம் நடக்கும்.

இனி முக்கியமான இடம். ஆணையம் பார்ப்பது இவை: நிலையத்துக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே தேவையா, கேட்டிருக்கும் தீர்வு பொருத்தமானதா, ஏற்கெனவே இருக்கும் நிலையங்களுக்கு அளவுக்கு மீறிய பாதிப்பு வருமா, போட்டி போட்டு உரிமம் வாங்கிய நிலையம் பின்வாசலால் வேறு சந்தைக்குள், அதாவது உரிமம் வாங்காத வேறு ஊருக்குள், நுழைகிறதா. "எங்கள் தமிழ் வானொலிக்கு முழு ஆதரவு" என்று ஒரே வாசகத்தில் நூறு கடிதம் போனால் இதில் ஒரு கேள்விக்கும் அது பதில் ஆகாது. எந்தத் தெருவில், வீட்டிலா காரிலா, எந்த நேரத்தில், தமிழுக்குப் பதிலாக என்ன கேட்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். எதிர்ப்பவர்கள் பொறியாளரையும் வழக்கறிஞரையும் வைத்து எழுதுவார்கள், அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடியது இப்படிப்பட்ட கடிதம்தான்.

குறைகளும் சொல்ல வேண்டும். 1999 இல் வந்த கொள்கைப்படி பல்லின வானொலி தன் நேரத்தில் குறைந்தது 60 வீதம் பல்லின நிகழ்ச்சிகளும் 50 வீதம் ஆங்கிலம், பிரெஞ்சு, பழங்குடி மொழிகள் அல்லாத மொழிகளிலும் தர வேண்டும். ஆனால் அந்த வானொலியைப் பற்றிய அறிவித்தலும் முடிவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும்தான். நாள் முழுக்க வானொலியைக் கேட்கும் எங்கள் அம்மம்மா, தாத்தாமார்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள், அவர்களால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. அறிவித்தலின் சுருக்கத்தையாவது அந்த நிலையம் ஒலிபரப்பும் மொழிகளில் போடச் சொல்லலாம், நிலையத்திலேயே வாசிக்க ஆள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, உரிமம் ஒரு சந்தைக்கு என்று கொடுக்கப்படுகிறது, நேயர்கள் அங்கேயே இருப்பதில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த குடும்பங்கள் மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று போய்விட்டன. பின்வாசல் விதி நியாயமானது, அது இல்லாவிட்டால் பணக்கார நிலையங்கள் சின்னவற்றை விழுங்கிவிடும். ஆனாலும் சிதறிய ஒரு சமூகத்தின் பின்னால் போகும் வானொலியை, புதுச் சந்தை பிடிக்கப் போகும் வணிக வானொலியைப் பார்க்கும் அதே கண்ணால் பார்ப்பது சரியாகப்படவில்லை.

5க்கு 3.5 கொடுப்பேன். எழுதப்போகிறவர்கள் கடிதத்தின் பிரதியை விண்ணப்பதாரருக்கும் அனுப்ப வேண்டும், அது விதி. நீங்கள் எழுதுவது பொதுப் பதிவில் வரும், எனவே வீட்டு இலக்கத்தைக் கடிதத்துக்குள் எழுதாமல் பக்கத்துச் சந்தியின் பெயரைப் போட்டாலே போதும்.