25 கிலோவில் ஒரு தச்சு மேசை: 14 மாதப் பழக்கத்துக்குப் பின்

எங்கள் வீடு திருச்சி உறையூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மர வேலை செய்ய எனக்குக் கிடைக்கும் இடம் மொட்டைமாடி மட்டுமே. அங்கே மற்றக் குடித்தனக்காரர்கள் துணி உலர்த்துவார்கள், வடகம் காயவைப்பார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேசையை மேலே ஏற்றி, வெயில் உறைப்பதற்குள் வேலையை முடித்து, மறுபடியும் கீழே இறக்கிவிட வேண்டும். ஒற்றை ஆள் படியேற்றக்கூடிய எடையும், மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியைத் தள்ளும்போது ஆடாத உறுதியும் ஒரே மேசையில் அமைய வேண்டும் என்பதே என் தேவை. அந்தத் தேவைக்காக ஊரிலேயே ஒரு சிறு தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்த மேசையைப் பற்றியது இந்த மதிப்புரை. இதே இடநெருக்கடியில் இருப்பவர்கள் பலர் என்பதால் அளவுகளையும் குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது இணையத்தில் வாங்கிய ஒரு மடக்கு மேசை. மடக்கு மேசை என்றாலே எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வொர்க்மேட் வடிவம்தான். லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன் 1961-இல் ஒரு நாற்காலியின் மேல் பலகையை வைத்து அறுக்கும்போது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அந்தச் சேதத்திலிருந்து பிறந்தது அந்த யோசனை. இது விற்காது என்று நிறுவனங்கள் கைவிரித்ததால் 1968 முதல் அவரே செய்து விற்றார். 1972-இல் கருவி நிறுவனமான பிளாக் அண்டு டெக்கர் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. மேற்பலகையை இரண்டாகப் பிளந்து, அந்த இரு பாதிகளையே மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஆக்கியது அவருடைய பெரிய சாதனை. நான் வாங்கியது அதே உருவத்தில் வேறொருவர் செய்த மலிவான மேசை. அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் அது போதும்; ஆனால் நீளமான பலகையை இழைக்கத் தொடங்கினால் மெல்லிய தகட்டுக் கால்கள் பக்கவாட்டில் நெளிந்து, இழைப்புளி முன்னே போக மேசையும் கூடவே போகும். ஆறு மாதத்தில் அதன் கீல் ஒன்றும் வளைந்துவிட்டது.

அதன் பிறகுதான் பட்டறைக்காரரிடம் போனேன். அறுபது வயதைக் கடந்த ஆசாரி அவர். கனமில்லாத மேசை எப்படி உறுதியாக நிற்கும் என்று என் சந்தேகத்தைச் சொன்னபோது, "கனத்துலயா தம்பி பலம் இருக்கு? காலு விரிஞ்சு நிக்கணும், கழுந்து இறுகி உக்காரணும்" என்றார். கழுந்து என்பது ஒரு மரத்தின் துளையில் செருகும் இன்னொரு மரத்தின் முனை. தரையில் அமர்ந்து, கால் விரல்களாலேயே பலகையைப் பிடித்துக்கொண்டு வேலை பழகிய தலைமுறை அது. எடையே இல்லாத பணிமேசை என்றால் அவர்களுக்குத் தரைதான். எனக்கு முட்டி ஒத்துழைக்காது என்பதால் நின்று செய்யும் உயரம் கேட்டேன். கையைத் தொங்கவிட்டு நின்றால் என் மணிக்கட்டு வரும் இடத்தை அவர் அளந்து, 840 மி.மீ. என்று குறித்துக்கொண்டார்.

மேசை மூன்று வகைப் பகுதிகளாகக் கழலும். மேற்பலகை 1500 மி.மீ. நீளம், 550 மி.மீ. அகலம், ஏறத்தாழ 14 கிலோ. இரண்டு கால் சட்டகங்களும் சேர்ந்து 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவற்றை நீளவாக்கில் இணைக்கும் இரண்டு சட்டங்கள் 3 கிலோ. ஆக, மொத்தம் 25 கிலோ. மேற்பலகையைத் தோளில் வைத்து ஒரு நடை, மற்றவற்றைக் கயிற்றில் கட்டி இன்னொரு நடை என்று இரண்டு நடையில் மாடிக்குப் போய்விடுகிறது.

இந்த மேற்பலகைதான் மேசையின் உயிர் என்பேன். பார்வைக்கு 88 மி.மீ. கனமுள்ள ஒரே பாளம் போலத் தெரியும். உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. மேலே 12 மி.மீ. ப்ளைவுட், கீழே 6 மி.மீ. ப்ளைவுட், இரண்டுக்கும் நடுவே 70 மி.மீ. உயரத்தில் நெடுக்காக மூன்றும் குறுக்காக ஆறுமாக ப்ளைவுட் கீற்றுகளை நிறுத்தி ஒட்டியிருக்கிறார்கள். டார்ஷன் பாக்ஸ் என்பது இதன் பெயர். ஒரு பலகையின் வளையாத்தன்மை அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கனத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு விறைப்பு கிடைக்கும். இங்கே இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தே அந்தக் கனத்தின் பயனைப் பெறுகிறோம். இதே நீள அகலத்தில் 25 மி.மீ. ப்ளைவுட் பலகையை ஒற்றையாக வைத்தாலும் எடை கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும். ஆனால் கால்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளியில் நான் ஏறி நின்றால், கணக்குப்படி அது நடுவில் 3 மி.மீ. அளவுக்குத் தொய்யும். 18 மி.மீ. பலகையாக இருந்தால் 8 மி.மீ.க்கு மேலேயே தொய்யும். இந்தப் பெட்டிப் பலகையின் அடியில் நூல் கட்டி, என் 68 கிலோவையும் நடுவில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். என் மகள் குனிந்து பார்த்து, நூலுக்கும் பலகைக்கும் இடையே அரை மில்லிமீட்டர் கூட அசைவு தெரியவில்லை என்றாள்.

கால்களின் அமைப்புக்கு முன்னோடி அமெரிக்காவில் இருக்கிறது. வட கரோலினாவில் 1766-இல் மொராவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய சேலம் என்ற ஊரில் (நம்மூர்ச் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே) கழற்றி மாட்டக்கூடிய பழைய தச்சு மேசை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் கால்கள் சாய்ந்து நிற்கும். நீளச் சட்டங்களின் கழுந்துகள் கால் சட்டகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டிருக்கும். அந்த நீட்சியில் உள்ள சிறு துளையில் ஆப்பு அடித்தால் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும். படத்தைக் காட்டியதும் ஆசாரி சிரித்து, மாட்டுவண்டிப் பட்டறையில் தான் சிறுவயதில் அடித்த ஆப்புகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய தேக்கில் கால்களைச் செய்தார். உலர்ந்து ஓய்ந்த மரம் என்பதால் 14 மாதத்தில் ஒரு கால் கூட முறுக்கிக்கொள்ளவில்லை.

போல்ட்டுக்குப் பதில் ஆப்பு என்பது பழமைப் பற்றுக்காகச் செய்த தேர்வு என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தில் மாட்டிய போல்ட், மரம் சுருங்கும்போதெல்லாம் தளர்ந்துபோகும். ஸ்பானரைத் தேடி எடுத்து இறுக்க வேண்டியிருக்கும். ஆப்போ, சித்திரை வெயிலில் மரம் சுருங்கினால் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் அரை அங்குலம் உள்ளே இறங்கி மறுபடி இறுகிக்கொள்ளும். ஐப்பசி மழையில் நிலைமை நேர்மாறு: ஆப்புகள் ஊறிப் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது அடியிலிருந்து இரண்டு மூன்று முறை பலமாகத் தட்ட வேண்டியிருந்தது. ஆப்புக்கு மெழுகுவத்தி தேய்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. நான்கு ஆப்புகளையும் அடித்து மேற்பலகையைப் பொருத்த எனக்கு இப்போது நான்கு நிமிடம் ஆகிறது.

உறுதியைச் சோதிக்க நான் செய்த காரியம் எளிமையானது. மேசையின் ஒரு கோடியில் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, மறு கோடியில் நாலடி நீளத் தேக்குப் பலகையை இழைத்தேன். பழைய மடக்கு மேசையில் மூன்றாவது தள்ளலிலேயே தண்ணீர் சிந்தியிருந்தது. இதில் இருபது முறை தள்ளியும், ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் நீரின் மேல் ஒரு வளையம் விரிந்து அடங்கியதே தவிர விளிம்பைத் தாண்டவில்லை. இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் அறுபடாமல், வெங்காயத் தோல் கனத்தில், பலகையின் முழு நீளத்துக்கும் வந்து விழுந்தது. அடியில் இருக்கும் மேசை அசையாமல் நின்றால்தான் அப்படிப்பட்ட சுருள் வரும் என்பது இழைத்துப் பழகிய எவருக்கும் தெரியும்.

ஆனால் எடை குறைந்த மேசைக்கு ஒரு குணம் உண்டு. அதை எந்தக் கழுந்தும் மாற்றாது. ஆடாமல் நிற்பது வேறு, நகராமல் நிற்பது வேறு. சிமெண்டுத் தரையில் உராய்வுக் கெழு 0.5 (அதாவது எடையில் பாதி விசைக்கு நகரும்) என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ மேசையை 12 கிலோ விசைக்குச் சற்று மேல் தள்ளினாலே நகர்ந்துவிடும். கடினமான மரத்தில் தடித்த சுருள் எடுக்கும்போது நாம் அதைவிட அதிகமாகவே தள்ளுகிறோம். ஆகவே எடையை வேறெங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். நீளச் சட்டங்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு, 20 கிலோ எடையுள்ள கருவிப் பெட்டியை அதில் வைத்துவிடுகிறேன். எப்படியும் மாடிக்கு வர வேண்டிய பெட்டி அது. கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினேன். இவற்றோடு, இழைக்கும் திசையில் மேசையின் தலைப்பைக் கைப்பிடிச் சுவரில் முட்டவைத்தால் நகர்வு அறவே நின்றுவிடுகிறது. இந்த மூன்றில் ஒன்றையாவது செய்ய இடமில்லாதவர்களுக்கு இந்த மேசை மனக்குறையைத் தரும்.

இரண்டாவது குறை, உளி வேலை. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத் துளை பொளிக்கும்போது, உள்ளீடற்ற பலகை உறுமி மேளம் போல அதிர்கிறது. அடியின் ஒரு பகுதி அந்த அதிர்விலேயே வீணாகிறது. இதை முன்கூட்டியே எதிர்பார்த்த ஆசாரி, கால் சட்டகங்களுக்கு நேர் மேலே உள்ள அறைகளில் மட்டும் கட்டை மரத்தை அடைத்திருக்கிறார். பொளிக்கும் வேலை அனைத்தையும் அந்த ஒரு சாண் இடத்துக்குள் முடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். நடுப்பகுதியில் வைத்து அடித்த ஒரே ஒரு தடவை மேல்தாளில் உளியின் பிடி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அது என் அவசரம்.

மூன்றாவது குறை பட்டறையைச் சேர்ந்தது. மேசை வந்த முதல் வாரத்திலேயே ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று ஓர் ஒலி. மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல, விரல் முட்டியால் பலகை நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் "டொம்" என்று வந்த ஓசை, இடது கோடியிலிருந்து இரண்டாவது குறுக்குக் கீற்றின் மேல் "டப்" என்று உடைந்தது. அந்தக் கீற்றின் அடியில் பசை பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட பெட்டிப் பலகையில் ஒரு கீற்று விட்டுப்போனாலும் அந்த இடத்தில் தாள்கள் தனித்தனியாகிவிடும். முழுப் பலமும் பசையில்தான் இருக்கிறது. அவர்கள் மறுநாளே ஆள் அனுப்பி, கீழ்த்தாளில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, ஊசிக்குழல் வழியாக மரப்பசையைச் செலுத்தி, இரவு முழுவதும் செங்கல் அடுக்கி அழுத்தி வைத்தார்கள். அதன் பிறகு ஒலி இல்லை. ஒப்படைப்பதற்கு முன் அவர்களே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் செய்யச் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மரத்தைப் பிடிக்கும் வசதி போதுமான அளவு இருக்கிறது, தாராளமாக இல்லை. பலகையின் பக்கவாட்டில் வாய்கள் திறந்திருப்பதால் எஃப் கிளாம்பின் (F வடிவ இறுக்கியின்) கீழ்த்தாடையை உள்ளே நுழைத்து எங்கு வேண்டுமானாலும் இறுக்கலாம். இரும்பு வைஸ் பொருத்தவில்லை. நல்ல வைஸ் ஒன்றின் எடை மேசையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். அதற்கு ஈடாக, இரண்டு திருகுகள் கொண்ட மரத்தாலான கவ்வி ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். அதை மேசையின் மேல் வைத்துக் கிளாம்பு போட்டுக்கொண்டால், மூட்டு அறுக்கும்போது வேலை கண்ணுக்கு நெருக்கமாக உயர்ந்து நிற்கிறது. கோடு தெளிவாகத் தெரியாத என் வயதுக்கு அது பெரிய உதவி.

ப்ளைவுட்டில் இந்தியத் தர நிர்ணயப்படி பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 தரம் போதும் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் கூடுதல் பணம் கொடுத்து, நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 தரத்தைக் கேட்டு வாங்கினேன். ஒரு முறை கோடை மழையில் மேற்பலகை கால் மணி நேரம் நனைந்தது. விளிம்பில் உப்பலோ அடுக்குப் பிரிதலோ இல்லை. திறந்த மாடியில் வேலை செய்பவர்கள் இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கவ்வியோடு சேர்த்து எனக்கு ஆன செலவு 16,500 ரூபாய். சொல்லி மூன்று வாரத்தில் கொடுத்தார்கள். பழைய மடக்கு மேசையைப் போல மூன்று மடங்கு விலை இது. போன மாதம் தஞ்சாவூரில் இருக்கும் என் மைத்துனருக்காக இதே பட்டறையில் இன்னொன்று சொல்லியிருக்கிறேன். அதில் கீழ்த்தாளை 9 மி.மீ. ஆக்கவும், கட்டை மரம் அடைக்கும் இடத்தை ஒரு சாணிலிருந்து ஒரு முழமாக நீட்டவும் சொன்னேன். எடை 3 கிலோ வரை கூடும் என்றார் ஆசாரி. மைத்துனர் வீடு தரைத்தளம்.