இரண்டு தட்டு விமானமும் என் 54 சீற் பஸ்ஸும்

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று லண்டன் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்திருக்கிறோம், நானும் மனைவியும். கட்டுநாயக்காவில் இருந்து வளைகுடா வரைக்கும் வழக்கமான இரண்டு எஞ்சின் விமானம். அங்கே மாறி லண்டன் ஹீத்ரோவுக்கு ஏறியதுதான் ஏ380, எயார்பஸ் செய்த இரண்டு தட்டு விமானம். நான் கிளிநொச்சியில் 2010இல் இருந்து பஸ் விடுகிறவன். ஆகவே இதைப் பயணியாகவும் எழுதுவேன், பஸ் முதலாளியாகவும் எழுதுவேன். இரண்டு பேருக்கும் கடைசியில் ஒத்துவரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நின்றதைப் பார்த்தவுடன் நான் எண்ணத் தொடங்கியது ரயர்களை. மனைவிக்குச் சிரிப்பு. தெரிந்த அளவுக்கு எண்ணினேன், மிச்சத்தை மருமகன் பிறகு சொன்னார்: மூக்கில் இரண்டு, நடுவில் இருபது, மொத்தம் 22. ஒரு லேலண்ட் பஸ்ஸுக்கு ஆறு ரயர் மாற்றவே எனக்கு நெஞ்சடைக்கிறது. செட்டை நுனிக்கு நுனி 80 மீற்றர். நிறை முழுதாக ஏற்றினால் 575 தொன். இது எழும்புமா என்று மனைவி கேட்டாள். எனக்கும் அதே யோசனைதான், வெளியில் சொல்லவில்லை.

ஏறி முடியவே முக்கால் மணித்தியாலம் போயிற்று. ஐந்நூறு பேர் என்றால் சும்மாவா? எங்கள் சீற் கீழ்த்தட்டில், வரிசைக்குப் பத்துப் பேர். மேலே போகும் படிக்கட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது, அது காசுக்காரருக்கு. எனக்கு மிகவும் பிடித்தது வால் உச்சியில் பூட்டியிருக்கும் கமரா. முன்சீற்றின் பின்னாலுள்ள திரையில் விமானத்தின் முதுகும், இரண்டு பக்கமும் விரிந்த செட்டையும், ஓடுபாதையின் நடுக்கோடும் தெரிகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பெரிய உடம்பு ஆடாமல் அசையாமல் போய் மெல்ல எழும்புவதை ஒரு றைவரின் கண்ணால் பார்த்தேன். நல்ல கை.

அப்புறம் அந்த அமைதி. நாலு எஞ்சின் ஓடுகிறது, ஆனால் ஐந்து வரிசை தள்ளி அழுத பிள்ளையின் சிணுங்கல் தெளிவாகக் கேட்டது. குலுக்கலும் மிகக் குறைவு. சாப்பாடு பற்றி எழுத ஒன்றுமில்லை, சோறு என்று தந்தது சோறுதான்.

சரி, பயணி சொல்லி முடித்துவிட்டான். இனி முதலாளி.

கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதி திறந்த புதிதில் சனம் அலைமோதியது. தெற்கில் இருந்து பார்க்க வருகிறவர்கள், ஊர் திரும்புகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து லீசிங்கில் 54 சீற் லேலண்ட் ஒன்று எடுத்து வவுனியாவுக்கு விட்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அதே பஸ்ஸை விசேட ஓட்டத்துக்குப் போட்டால் மிதிபலகையிலும் ஆள் தொங்கும். மற்ற நாளில் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிப்பாட்டி, கச்சான் வாங்கப் போனவர்கள் வந்த பிறகும் இன்னும் நாலு பேர் வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். 2013 செப்டெம்பரில் யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, சனம் அதில் ஏறத் தொடங்கியது. பாதிச் சீற் காலியாக ஓடினாலும் டீசல் குறைவதில்லை, லீசிங்காரன் தவணை குறைப்பதில்லை.

எயார்பஸ் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். சனம் கூடும், விமான நிலையங்கள் நெருக்கடியாகும், ஆகவே பெரிய நகரத்தில் இருந்து பெரிய நகரத்துக்குப் பெரிய வண்டி, அங்கிருந்து சின்ன வண்டிக்கு மாறட்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2007 ஒக்டோபரில் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் முதல் ஓட்டத்தைச் சிட்னிக்கு விட்டது. 853 பேர் வரை ஏற்ற அனுமதி இருந்தும் யாரும் அப்படி அடைக்கவில்லை. 2011இல் போயிங் 787 வந்தது. இரண்டே எஞ்சின், ஆள் பாதி, ஆனால் தூரம் போகும். முன்பு முல்லைத்தீவுச் சனம் கொழும்புக்கு மாங்குளத்தில் இறங்கித்தானே மாறினார்கள்? இப்போது முல்லைத்தீவில் ஏறி நித்திரை கொண்டால் விடியக் கொழும்பு. நேரே போகிற வண்டி வந்த பிறகு எவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தியில் நிற்பார்?

மருமகன் ஹீத்ரோவில் பெட்டி ஏற்றும் பகுதியில் வேலை. அவர் சொன்ன இன்னொன்று என் மண்டையில் ஏறியது. இரண்டு தட்டு ஆட்களின் பெட்டிகளைப் போட்டால் ஏ380இன் வயிற்றில் சரக்குக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம். அதைவிடச் சின்ன போயிங் 777 அதிலும் கூடுதலான சரக்கு ஏற்றுமாம். பஸ் விடுகிறவர்களுக்கு இது விளங்கும். ஆள் குறைந்த நாளில் பார்சல் காசுதான் டீசலுக்குக் கை கொடுக்கும்.

"உங்கட பஸ் நிரம்பாட்டி என்ன செய்வியள் மாமா?"

"முறிகண்டியில கொஞ்சம் கூட நேரம் நிப்பாட்டுவன் தம்பி."

"இஞ்ச நிப்பாட்டினா இறங்கி ஏறக் குடுத்த நேரம் போயிடும்."

அந்த நேரம்தான் ஹீத்ரோவின் பேமிட், எங்கள் பஸ்ஸுக்கு ஓட்ட அனுமதி மாதிரி. ஓடுபாதை இரண்டு, வருடத்துக்கு 4,80,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. பேமிட்டைக் கூட்ட முடியாது, சனம் மட்டும் கூடுகிறது என்ற இடத்தில் மட்டும் பெரிய வண்டி லாபம் தரும். அப்படியான இடம் உலகத்தில் எத்தனை? விற்ற 251இல் 123ஐ எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியது. 2019 பெப்ரவரியில் அவர்களும் 39ஐக் குறைத்ததோடு, இனி இதைச் செய்வதில்லை என்று எயார்பஸ் கையை விரித்தது. கடைசி விமானம் 2021 டிசெம்பரில் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர் முதலில் ஓட்டியதைப் பத்து வருடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள், பழையதாக வாங்க ஆளில்லை, பிரான்சில் கழற்றிப் போட்டார்கள். என் 54 சீற் லேலண்ட் அவ்வளவு மோசமில்லை. 2022இல் டீசல் லீற்றர் 460க்குப் போனபோது விற்றேன். இப்போது கார்மென்ட்ஸ் பிள்ளைகளை ஏற்றுகிறது, காலையும் மாலையும் நிரம்பி.

கொரோனாவோடு ஏ380இன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். எயார் பிரான்ஸ் 2020இல் அடியோடு நிறுத்தியது. இனி வேண்டாம் என்ற லுப்தான்சா 2023இல் திரும்ப எடுத்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சனம் திரும்பி வந்தது, புது விமானம் நேரத்துக்கு வரவில்லை. கடன் அடைந்த பழைய பஸ் எண்ணெய் குடித்தாலும் வருமானம் தரும். புதிதாக ஒன்று வாங்குவதுதான் கட்டாது.

அந்த வராத புது விமானம் போயிங் 777-9. 426 பேர், எஞ்சின் இரண்டே இரண்டு. நிலத்தில் நிற்கும்போது செட்டை நுனி மடியும், அதனால் விமான நிலையத்தில் இப்போது இருக்கிற வாசலுக்குள்ளேயே நிற்கலாம். 2020இல் வரவேண்டியது, இப்போது 2027 என்கிறார்கள். வந்தால் ஓடும் என்றுதான் என் கை சொல்கிறது. பார்சலுக்கும் இடமிருக்கிறது.

திரும்பி வரும்போதும் ஏ380தான். என் பக்கத்தில் இரண்டு சீற் காலி. சீற்றின் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன், அப்படி ஒரு நித்திரை. இடையில் முழித்துப் பார்த்தால் அந்த வரிசையில் மட்டும் ஐந்து காலி. ஆளுக்கு இவ்வளவு ரிக்கற் என்றால் ஐந்துக்கு எவ்வளவு என்று மனம் பெருக்கத் தொடங்கியது. வயிறு எரிந்தது.

பயணியாக ஐந்துக்கு ஐந்து புள்ளி. முதலாளியாக இரண்டு, அதுவும் ஹீத்ரோவுக்குப் போனபடியால்.

அடுத்த வருடம் பேரனின் பிறந்தநாளுக்கு எந்த விமானத்தில் போடுவது என்று மருமகன் நேற்றுக் கேட்டார். "பக்கத்துச் சீற் காலியாப் போற பெரிசிலயே போடுங்கோ தம்பி" என்றேன்.