கேன்டன் ஃபுட்பால் அருங்காட்சியகம்: ஜெர்ரி ரைஸுக்காகப் போகிறவர்களுக்கு

ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லண்டில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கு எங்கெங்கிருந்தோ நம் ஆட்கள் வருகிறார்கள். கச்சேரிகளுக்கு நடுவே ஒரு நாள் ஒழிந்தால், கூட வந்து சலித்துப்போன பையன்களை எங்கே கூட்டிப் போகலாம் என்று யாராவது என்னிடம் கேட்பார்கள். ஐ-77இல் தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கேன்டன். அங்கேதான் இருக்கிறது புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம், அமெரிக்கன் ஃபுட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம். பந்து வடிவக் கூரை நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்.

இவ்வளவு சின்ன ஊரில் ஏன் என்றால், 1920 செப்டம்பரில் இங்கே ஒரு கார் ஷோரூமில் கூடித்தான் பிற்பாடு என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆன சங்கத்தை அமைத்தார்கள். அருங்காட்சியகம் திறந்தது 1963இல். பழைய தோல் ஹெல்மெட், ஆரம்ப கால அணிகள் பகுதியை நாங்கள் வேகமாகவே தாண்டிவிட்டோம். என் மகன் பள்ளி அணியில் வைட் ரிசீவர். அவனுக்கு, ரிசீவர்களில் பெரும் சாதனையாளரான ஜெர்ரி ரைஸின் சிலையைப் பார்த்தாக வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். ரிசீவர் ஏற்கெனவே பேசி வைத்த பாதையில் ஓடி, தன்னை ஒட்டிக்கொண்டே வரும் எதிராளியை ஏமாற்றி, பந்து வந்து இறங்கும் இடத்தில் சரியான நொடிக்கு இருக்க வேண்டும். பந்தைப் பிடிப்பது கடைசி வேலைதான். அதுவரை எல்லாம் கால் வேலை.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடம்தான் இந்த இடத்தின் உயிர். வெளிச்சம் குறைவு, உள்ளே போனதும் எல்லோருக்கும் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. சேர்க்கப்பட்ட வருட வரிசையில் தலைகள். ரைஸ் 2010. அவரோடு அதே வருடம், பந்தோடு ஓடுவதில் பேர்போன எம்மிட் ஸ்மித். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தலை மட்டும்தானா? கை எங்கம்மா?” என்றான்.

நியாயமான கேள்வி. மார்பளவுச் சிலையில் கைக்கும் காலுக்கும் இடமில்லை. ஒரு பயிற்சியாளருக்கோ அணி முதலாளிக்கோ அது போதும், ரிசீவருக்குப் போதாது. அதனால் ரைஸின் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்தத் தலைக்கு முன்னால் நிற்பதில் பொருள் இருக்கும்.

அப்பா மிசிசிப்பியில் கொத்தனார். கோடையில் அவரோடு வேலைக்குப் போகும்போது அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து செங்கல்லை வீச, சாரத்தில் நின்று பிடித்துப் பழகிய கை அது. படித்ததோ பெரிய அணிகள் திரும்பிப் பார்க்காத மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில். வேகம் போதாது என்று ஒரு பேச்சும் இருந்தது. 1985 டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நம் ஒஹாயோவின் சின்சினாட்டி பெங்கால்ஸ் 13ஆவது தேர்வில் ஒரு ரிசீவரைத்தான் எடுத்தார்கள். அவர் ரைஸ் இல்லை, எடி பிரவுன். சான்ஃபிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ் 28ஆம் இடத்தில் காத்திருக்காமல், பேரம் பேசி 16ஆம் இடத்துக்கு ஏறி வந்து ரைஸை எடுத்தார். பிரவுனும் சோடை போகவில்லை, அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் அவர்தான். ரைஸோ முதல் வருடம் பந்துகளைத் தவறவிட்டு சொந்த ஊர் ரசிகர்களிடமே கூச்சல் வாங்கினார்.

அப்புறம் 1989 ஜனவரி, மயாமி. 23ஆவது சூப்பர் பௌல், அதாவது லீகின் இறுதிப் போட்டி. எதிரணி அதே பெங்கால்ஸ். ரைஸ் பந்தை 11 முறை பிடித்து 215 யார்டு தூரம் எடுத்தார், 20-16 என்று சின்சினாட்டி தோற்றது. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. இந்தக் கதையை ஒஹாயோக்காரர் யாரிடமாவது எடுத்துப் பாருங்கள், பெருமூச்சு இன்றும் வரும்.

ரைஸின் மொத்தக் கணக்கு 1,549 பிடிகள், 22,895 யார்டு. அடுத்த இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 17,492. ஒரு ரிசீவர் ஒரு சீசனில் 1,000 யார்டு எடுத்தால் நல்ல வருடம் என்பார்கள். அந்தக் கணக்கில் இந்த இடைவெளியை மூட மட்டும் இன்னும் ஐந்துக்கும் மேற்பட்ட நல்ல வருடங்கள் வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2002. ஓக்லண்ட் ரெய்டர்ஸில் ஆடும்போது சீசன் நடுவில் 40 வயதாகிறது, அந்த சீசனில் 1,211 யார்டு. மாடிப்படி ஏறினாலே முட்டி பேசும் வயதில் இருக்கும் நான் இதைச் சும்மா கடந்து போக முடியாது. ஆட்டமில்லாத மாதங்களில் சான் கார்லோஸ் பக்கம் எட்ஜ்வுட் பூங்காவின் மலைப்பாதையில் இரண்டரை மைல் மேலே ஓடுவது அவர் வழக்கம். கூட ஓட வந்த இளைஞர்கள் பாதியில் நின்றுவிடுவார்களாம்.

அவர் 2010இல் இங்கே பேசியதையும் தேடிப் பாருங்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் தன்னை ஓட்டியது, ஆடிய காலத்தை ரசிக்கவே இல்லை, அது ஒன்றுதான் வருத்தம் என்கிறார். சேர்க்கை விழாவில் எல்லோரும் இப்படி உருகுவதில்லை. இன்னொரு ரிசீவரான டெரல் ஓவன்ஸ் 2018இல் தேர்வான பிறகும் கேன்டனுக்கு வராமல், தான் படித்த சாட்டனூகாவிலேயே தனியாக விழா வைத்துக்கொண்டார். சிலை என்னவோ இங்கே வந்துவிட்டது.

மற்றபடி, சூப்பர் பௌல் மோதிரங்களை வரிசையாக வைத்திருக்கும் பகுதி பார்க்க வேண்டியது. கல் பதித்த அளவைப் பார்த்தால் நம் கல்யாண நகைகள் அடக்கமாகத் தோன்றும். ஹோலோகிராம் தியேட்டர் மகனுக்குப் பிடித்தது, நான் கால் நீட்டி உட்காரப் பயன்படுத்திக்கொண்டேன். டிக்கெட் மலிவில்லை, ஆட்டத்தில் துளியும் ஆர்வம் இல்லாதவர்களை இழுத்துப் போக வேண்டாம். ஆர்வமுள்ள பையனோ பெண்ணோ இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் சேர்க்கை விழா நடக்கும், அந்த வாரம் ஊரே நிரம்பி வழியும், தங்க இடம் கிடைப்பது கஷ்டம். வெளியே வரும் வழியில் கடை இருக்கிறது. மகன் ரைஸின் 80ஆம் எண் சட்டை கேட்டான், விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு சாவிக்கொத்தோடு சமாதானம் ஆனோம்.